நுரையோடு போன பிரேக்

கேள்வி:

எங்களுக்குக் கும்பகோணம் பக்கம் திருபுவனம். என் கணவருக்கு 47 வயது, பட்டுத்தறி நெய்கிறார். போன ஆடி மாதம் தொடங்கியது. காலையில் எழுந்தால் கண் இமை வீங்கியிருக்கும், சாயங்காலம் கால் வீங்கும். சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்தது. பரிசோதித்ததில் ஒரு நாளைக்கு 9 கிராம் புரதம் சிறுநீரில் போகிறது, ரத்தத்தில் அல்புமின் 1.9தான் இருக்கிறது என்றார்கள். கிரியேட்டினின் 1.1. பயாப்சியில் 'மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி' என்று வந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் இடது விலாவுக்குக் கீழே துடிக்கிற வலி. சிறுநீர் சிவப்பாகப் போனது. ஸ்கேனில் இடது கிட்னியிலிருந்து வெளியே வருகிற ரத்தக்குழாயில் ரத்தக் கட்டி என்றார்கள். வயிற்றில் ஊசி போட்டு, கூடவே வார்ஃபரின் மாத்திரையும் ஆரம்பித்தார்கள். மூன்றாம் வாரம், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 2.3. நல்ல அளவு என்றார்கள். உடம்பு தேறட்டும் என்று என் மாமியார் தினமும் முருங்கைக்கீரை சூப் வைத்துக் கொடுத்தார். அடுத்த முறை 1.4 ஆகிவிட்டது. மாத்திரையை 5 மில்லிகிராமிலிருந்து 6 ஆக்கினார்கள். கீரையால்தான் என்று யாரோ சொல்ல, இப்போது வீட்டில் கொத்தமல்லித் தழைகூட வாங்குவதில்லை. அதே வாரம் கிட்னிக்கான ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கியது. நெஞ்சில் கிருமி தொற்றாமல் இருக்க வாரத்தில் மூன்று நாள் போடச் சொல்லி ஒரு பெரிய வெள்ளை மாத்திரையும் தந்தார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் 4.8!

என் கொழுந்தனார் 'வார்ஃபரின் எலி மருந்து, கிட்னியைக் கெடுத்துவிடும்' என்று செல்போனில் படித்துக் காட்டுகிறார். கிட்னி நோயில் ரத்தம் ஏன் கட்டுகிறது? எங்கள் தெருவில் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு மூக்கில் ரத்தம் வந்தால் நிற்பதே இல்லையே! டெஸ்ட் எடுக்கவே தேவையில்லாத புது மாத்திரை இருக்கிறதாமே? இதை எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, பிடுங்கலாமா? தறியில் உட்காரலாமா?

வாசகி, திருபுவனம்

பதில்:

முதலில் அந்த 4.8ஐப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் ஒரு நாள் காத்திருக்கும், அது காத்திருக்காது.

உங்கள் கடிதத்தை ஒரு நோட்டில் தேதி வாரியாக எழுதிப் பார்த்தேன். ஒரே வாரத்தில் மூன்று காரியங்கள் நடந்திருக்கின்றன. மாத்திரை 5லிருந்து 6 ஆனது. கீரை அடியோடு நின்றது. பெரிய வெள்ளை மாத்திரை வந்து சேர்ந்தது. முதல் இரண்டுமே ஐ.என்.ஆரை ஏற்றும். மூன்றாவதுதான் பெரிய சந்தேகம். நெஞ்சுத் தொற்றைத் தடுக்க வாரம் மூன்று நாள் தருவது பெரும்பாலும் கோ-ட்ரைமாக்சசோல் என்கிற சல்ஃபா மாத்திரை. வார்ஃபரினைக் கல்லீரல் சிதைத்து வெளியேற்றும் வழியையே அது அடைத்துவிடும். நேற்று வரை சரியாக இருந்த அதே அளவு வார்ஃபரின் இன்று அதிகமாகிவிடும். அட்டையை எடுத்துப் பெயரைப் பாருங்கள். அதுதான் என்றால் நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளும் எடுக்கிற உடம்புக்கு அந்தக் காவல் வேண்டும். அதற்கேற்ப வார்ஃபரினைக் குறைப்பதுதான் முறை, அதை உங்கள் டாக்டர் செய்வார். எங்கும் ரத்தக்கசிவு இல்லாத 4.8க்குச் சாதாரணமாக ஒன்றிரண்டு வேளை மாத்திரையை நிறுத்தி, சில நாளில் மறுபடி பார்ப்பார்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, விழுந்து தலையில் அடிபட்டாலோ, இதுவரை இல்லாத தலைவலி வந்தாலோ வீட்டில் உட்கார்ந்து யோசிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். ஐ.என்.ஆருக்கு ரத்தம் எடுக்கும் குழாயின் மூடி வெளிர்நீலமாக இருக்கும். உள்ளே ஒரு பங்கு சிட்ரேட் திரவம், அதற்கு ஒன்பது பங்கு ரத்தம் சேர வேண்டும். அதற்காகவே குழாயில் கோடு போட்டிருக்கும். நரம்பு கிடைக்காத கையில் பாதிக் குழாய்க்கு எடுத்து அனுப்பினால், ரத்தத்துக்கு மீறிய சிட்ரேட் சேர்ந்து, எண் பொய்யாக ஏறி வரும். நான் பணிபுரிந்த ஒரு இடத்தில் இப்படி வந்த எண்ணை நம்பி ஒரு பெரியவருக்கு இரண்டு நாள் மருந்தை நிறுத்தி வைத்தோம். மூன்றாம் நாள் குழாயைக் கோடு வரை நிரப்பி எடுத்தபோதுதான் தெரிந்தது, அவருக்கு மருந்து போதாமலே இருந்திருக்கிறது. அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது கோட்டைப் பாருங்கள். லேப் பெண் முறைத்தால் முறைக்கட்டும்.

இனி உங்கள் முதல் கேள்வி. கிட்னி நோயில் ரத்தம் ஏன் கட்டுகிறது?

உங்கள் தெருக்காரருக்கு இருப்பது வேறு கதை. அவருடைய கிட்னி வடிகட்டுவதை நிறுத்திவிட்டது. தேங்கிய கழிவுகளால் தட்டணுக்கள் சரியாக ஒட்டுவதில்லை, போதாததற்கு டயாலிசிஸ் மெஷினில் ரத்தம் உறையாதிருக்க ஹெபாரின் வேறு சேர்ப்பார்கள். உங்கள் கணவரின் கிட்னி இன்னும் நன்றாகவே வடிகட்டுகிறது, கிரியேட்டினின் 1.1 அதைத்தான் சொல்கிறது. அழற்சியால் சல்லடையின் கண் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். போகக் கூடாதது போகிறது. நீங்கள் பார்த்த நுரை அதுதான்.

என்னென்ன போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அல்புமினின் எடை ஏறத்தாழ 66,000 டால்டன். நம் ரத்தத்தில் ஆன்டித்ராம்பின் என்று ஒரு புரதம் உண்டு. ரத்தம் தேவையில்லாமல் உறையாதபடி பிடித்து நிறுத்தும் பிரேக் அது. அதன் எடை 58,000 சுமார். அல்புமின் நுழைகிற ஓட்டையில் இதுவும் நுழைந்துவிடும். ஆனால் உறைந்த கட்டிக்கு நாராக அமைகிற ஃபைப்ரினோஜன் 3,40,000. அது எந்த ஓட்டையிலும் புகாது, ரத்தத்திலேயே தங்கிவிடும். பிரேக் சிறுநீரில் போய்விடுகிறது, ஆக்சிலரேட்டர் வண்டியிலேயே இருக்கிறது.

இதற்கு மேல் கல்லீரல் ஒரு காரியம் செய்கிறது. கல்யாணப் பந்தியில் 'ரசம் தீர்ந்துபோச்சு' என்று குரல் வந்ததும், பதறிப்போன சமையல்காரர் ரசத்தோடு சாம்பார், கூட்டு, பாயசம் எல்லாவற்றையும் இன்னொரு அண்டா ஏற்றினால் எப்படி இருக்கும்? அல்புமின் குறைந்ததைக் கண்ட கல்லீரல் அப்படித்தான் எல்லாப் புரதங்களையும் கூடுதலாக ஆக்கித் தள்ளுகிறது. கசிந்து போவது போக, போகாமல் தங்குகிற ஃபைப்ரினோஜனும் ஐந்தாம், எட்டாம் உறைவுக் காரணிகளும் ரத்தத்தில் குவிகின்றன. இந்த நோயில் கொழுப்பு எகிறுவதற்கும் இந்தப் பதற்றம் ஒரு காரணம். ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு எண்ணுள்ள சில காரணிகளும் சிறுநீரில் போகத்தான் செய்கின்றன. ஆனால் தராசு கட்டும் பக்கமே சாய்கிறது. வீக்கம் வடிய ஃபுரோசமைடு கொடுத்தால் நீர் வடிந்து ரத்தம் இன்னும் செறிவாகும். ஸ்டீராய்டும் அதே திசையில் கொஞ்சம் தள்ளும்.

சரி, உடம்பில் இத்தனை குழாய் இருக்க ஏன் கிட்னியிலேயே கட்டியது? வடிகட்டியைத் தாண்டி வரும் ரத்தம், தன் நீரில் ஐந்தில் ஒரு பங்கை அங்கே விட்டுவிட்டு வருகிறது. பிரேக்கையும் அங்கேதான் தொலைக்கிறது. ஆகவே கிட்னியை விட்டு வெளியேறும் சிரையில் ஓடுவதுதான் உடம்பிலேயே செறிவான, கட்டத் துடிக்கும் ரத்தம். கால் சிரைகளும் நுரையீரலும் அடுத்த இடங்கள். சிறுநீரகச் சிரையில் கட்டுவது எல்லா வகை அழற்சியிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. மெம்ப்ரனஸ் வகையில்தான் மிக அதிகம், அதுவும் நோய் தெரிந்த முதல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள். பல பேருக்கு வலியே இல்லாமல் சத்தமின்றி உட்கார்ந்திருக்கும். உங்கள் கணவருக்கு வலித்தது ஒரு வகையில் நல்லதே. ஆண்களுக்கு இடது விதைப்பையில் திடீரென்று நரம்பு முறுக்கிக்கொண்டு வீங்குவதும் ஒரு அறிகுறி. இடது விதையிலிருந்து வரும் சிரை நேரே இடது சிறுநீரகச் சிரையில்தான் போய்ச் சேர்கிறது. வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு.

இதே கசிவு சிகிச்சையையும் குழப்பும். உங்கள் கணவருக்கு வயிற்றில் போட்ட ஊசி ஹெபாரின் வகை. 1916இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் படித்துக்கொண்டிருந்த ஜே மெக்லீன் என்ற மாணவர் தற்செயலாகக் கண்டுபிடித்த சங்கதியில் தொடங்கியது அதன் வரலாறு. இன்று பன்றிக் குடலின் சவ்விலிருந்து எடுக்கிறார்கள். ஹெபாரின் தனியாக ஒன்றும் செய்யாது. ஆன்டித்ராம்பினைப் பிடித்து முடுக்கிவிட்டுத்தான் வேலை செய்யும். அந்த ஆன்டித்ராம்பினே சிறுநீரில் போய்விட்டால்? நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு இரவு, இதேபோல் சிறுநீரில் புரதம் ஒழுகும் நோயாளி ஒருவருக்கு ஹெபாரின் சொட்டை ஏற்றிக்கொண்டே போகிறேன், உறையும் நேரம் நகர மறுக்கிறது. பம்ப் பழுதோ என்று இரண்டு முறை மாற்றினேன். விடிகாலையில் வந்த சீனியர் கேஸ் ஷீட்டில் அல்புமின் எண்ணை விரலால் தட்டிக் காட்டிவிட்டுப் போனார், ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த வருஷம் கிடைத்த நல்ல பாடம் அது.

வார்ஃபரினுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது வேறு வழியில் போகிறது. இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து என்று எண்ணிட்ட உறைவுக் காரணிகளைக் கல்லீரல் செய்து முடிக்க வைட்டமின் கே தேவை. அந்த கே என்ற எழுத்தே 'கோயாகுலேஷன்' என்ற சொல்லிலிருந்து ஹென்ரிக் டாம் என்ற டேனிஷ் விஞ்ஞானி எடுத்தது, அதற்கு அவருக்கு 1943ஆம் ஆண்டின் நோபல் பரிசும் கிடைத்தது. வார்ஃபரின் அந்த வைட்டமினை மறுபடி பயன்பட விடாமல் தடுக்கிறது. 'ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை' என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் ஓபியில் அப்படித்தான் சொல்கிறேன். உண்மையில் ரத்தம் துளியும் நீர்க்காது. உறைய நேரம் பிடிக்கும், அவ்வளவே. ஏழாம் காரணி ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும், இரண்டாம் காரணிக்கு அதற்கு இரண்டரை மூன்று நாள் ஆகும். அதனால் இரண்டாம் நாளே ஐ.என்.ஆர். ஏறினாலும் பாதுகாப்பு வந்துவிட்டதாக அர்த்தமில்லை. ஊசியையும் மாத்திரையையும் ஐந்து நாளாவது சேர்த்துக் கொடுத்தது இதற்காகத்தான்.

கொழுந்தனார் சொன்ன எலி மருந்துக்கு வருவோம். அவர் சொன்னது பொய்யில்லை. 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன இனிப்புத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள், கொம்பு சீவிய காயத்துக்கே ரத்தம் நிற்காமல் செத்தன. 1933 பிப்ரவரியில் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, பனிப்புயலுக்கு நடுவே, செத்த கிடாரியையும் ஒரு கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மாடிசன் பல்கலைக்கழகம் வரை போனார். அங்கே கார்ல் லிங்க்கின் ஆய்வகம் சில ஆண்டு உழைத்து அந்தப் புல்லின் விஷத்தைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948இல் எலிப் பாஷாணமாகவும், 1954இல் மனிதருக்கான மருந்தாகவும் வந்தது. 1955இல் மாரடைப்பு வந்தபோது அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கே கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்து, ஆய்வுக்குப் பணம் கொடுத்த விஸ்கான்சின் அமைப்பின் சுருக்கம். எலிக்கும் உங்கள் கணவருக்கும் வித்தியாசம் அளவில்தான். எலிக்கு யாரும் ஐ.என்.ஆர். பார்ப்பதில்லை.

கிட்னியைக் கெடுக்குமா என்ற பகுதியை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஐ.என்.ஆர். 3க்கு மேல் போய்ச் சில நாள் நின்றால், ஏற்கெனவே அழற்சியுள்ள வடிகட்டிகளுக்குள் ரத்தம் கசிந்து, சிறுநீர்க் குழாய்களைச் சிவப்பணுக்கள் அடைத்து, கிரியேட்டினின் திடீரென்று ஏறுவது உண்டு. வார்ஃபரினால் வரும் சிறுநீரகப் பாதிப்பு என்று இதைப் பற்றி 2009 முதல் நிறைய எழுதியிருக்கிறார்கள். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடக்கும். 4.8 வந்திருப்பதால் இந்த வாரம் ஐ.என்.ஆரோடு கிரியேட்டினினையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். ஆக, கொழுந்தனாரின் பயம் நியாயமானதுதான், அதிலிருந்து அவர் எடுக்கிற முடிவுதான் தவறு. கட்டியை அப்படியே விட்டு அது நுரையீரலுக்குப் போனால் கிட்னியைப் பற்றிக் கவலைப்படவே நேரமிருக்காது.

எத்தனை நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்தக் கட்டிக்கு மட்டும் என்றால் குறைந்தது ஆறு மாதம். ஆனால் உங்கள் கணவரின் கணக்கை நாள்காட்டியில் போடக் கூடாது, அல்புமினில் போட வேண்டும். ஓட்டை இருக்கும் வரை பிரேக் கசியும், பிரேக் கசியும் வரை மாத்திரை வேண்டும். அல்புமின் 3க்கு மேல் ஏறி அங்கேயே நிலைத்தால்தான் நிறுத்துவதைப் பேசலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. அல்புமினை அளக்க லேப்களில் இரண்டு சாயங்கள் உண்டு, ஒன்று பச்சை, ஒன்று ஊதா. பச்சைச் சாய முறை அரை கிராம் அளவுக்குக் கூட்டிக் காட்டும். ஒரு லேபில் 2.5 என்று வருவது இன்னொன்றில் 2.0 ஆக வரலாம், உடம்பில் ஒன்றும் மாறியிருக்காது. ஆகவே ஒரே லேபில் பாருங்கள்.

ரத்தம் கட்டாமல் தடுக்கும் மருந்து கிட்னி அழற்சியையும் ஆற்றாதா என்று சிலர் கேட்பார்கள். ஒரு காலத்தில் எங்கள் துறையே அப்படி நம்பியது. கடுமையான அழற்சியில் வடிகட்டியைச் சுற்றிப் பிறை வடிவில் செல்கள் குவியும், அந்தப் பிறைக்குள் ஃபைப்ரின் இருக்கும். உறைவைத் தடுத்தால் பிறையைத் தடுக்கலாமே! மெல்பர்னில் பிரிசில்லா கின்கெய்ட்-ஸ்மித் என்ற பெண் மருத்துவர் 1960களில் இதைத் தீவிரமாக முன்வைத்தார். 1968இல் அவரும் சக மருத்துவர்களும் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். வலி மாத்திரைகள் கிட்னியை அழிக்கின்றன என்று உலகத்தை நம்பவைத்தவர்களில் அவர் ஒருவர், சாதாரண ஆள் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் பிறகு வந்த சோதனைகள் தெளிவான பலனைக் காட்டவில்லை, ரத்தக்கசிவைத்தான் காட்டின. இன்று உறைவு தடுப்பு மருந்து கட்டிக்காக மட்டுமே. அழற்சிக்கு மருந்து தனி.

உங்கள் கணவருக்கு ஆரம்பித்திருப்பது, ஒரு மாதம் ஸ்டீராய்டு, மறுமாதம் சைக்ளோஃபாஸ்பமைடு என்று மாறி மாறித் தரும் இத்தாலிய முறையாக இருக்கலாம். நம் நாட்டு நோயாளிகளுக்கும் அது நீண்ட காலப் பலன் தருகிறது என்று சண்டிகர் மருத்துவர்கள் 2007இல் காட்டினார்கள். ரிடுக்சிமாப் என்ற ஊசியும் இப்போது உண்டு, விலைதான் இடிக்கும். பி.எல்.ஏ.2.ஆர். எதிர்ப்பொருள் என்ற ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இந்த நோய்க்குக் காரணமான எதிர்ப்பொருளை 2009இல் கண்டுபிடித்தார்கள், பெரும்பாலானவர்களுக்கு இதுதான் இருக்கும். நுரை குறைவதற்குச் சில மாதம் முன்பே இந்த எதிர்ப்பொருள் இறங்கத் தொடங்கும். நோய் அடங்குகிறதா என்று அறிய நல்ல வழி. அது இல்லை என்று வந்தால் ஒரு கேள்வி கேட்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆடிக்கு முன்னால் பற்பம், செந்தூரம் போல ஏதாவது சாப்பிட்டாரா, வெள்ளையாக்கும் க்ரீம் ஏதாவது போட்டாரா? பாதரசம் கலந்த க்ரீம்களால் இதே மெம்ப்ரனஸ் நோய் வந்ததைக் கேரளத்தில் மலப்புரம் மாவட்ட மருத்துவர்கள் வரிசையாகக் கண்டு எழுதியிருக்கிறார்கள். நாட்டு மருந்து எல்லாவற்றையும் நான் திட்டவில்லை. பாதரசம் இருப்பதைத்தான் சொல்கிறேன். அப்படி வந்த நோயில் பாதரசத்தை நிறுத்தியதுமே பலருக்குப் புரதம் இறங்குகிறது.

டெஸ்ட் தேவையில்லாத புது மாத்திரைகள் உண்மைதான். அபிக்சபான், ரிவராக்சபான், டாபிகாட்ரான். கால் சிரையில் கட்டி வந்த சாதாரண ஆளுக்கு நானே எழுதுகிறேன். ஆனால் இவற்றை நிரூபித்த பெரிய சோதனைகளில் அல்புமின் இவ்வளவு குறைந்தவர்களைச் சேர்க்கவில்லை. முதல் இரண்டும் ரத்தத்தில் பெரும்பாலும் அல்புமினில் ஒட்டிக்கொண்டு ஓடுகிறவை. அல்புமின் சிறுநீரில் ஒழுகினால் மருந்து எவ்வளவு நிற்கும், எவ்வளவு ஒழுகும் என்று கணிக்க முடியாது. டாபிகாட்ரானில் 80 சதவீதம் கிட்னி வழியாகவே வெளியேற வேண்டியது. சில மருத்துவர்கள் அபிக்சபானைத் துணிந்து தருகிறார்கள். அல்புமின் 1.9இல் இருக்கும்போது நான் தர மாட்டேன். டெஸ்ட் இல்லை என்பது சௌகரியம்தான், ஆனால் இவர் நிலையில் டெஸ்ட் ஒன்றுதான் மருந்து வேலை செய்கிறதா என்று சொல்லக்கூடியது. அல்புமின் ஏறியபின் இந்தப் பேச்சை மறுபடி எடுக்கலாம்.

மாமியாரைக் குற்றம் சொல்லாதீர்கள். முருங்கைக்கீரையில் வைட்டமின் கே ஏராளம், தினமும் ஒரு டம்ளர் சூப் வார்ஃபரினை வெல்லும். கீரையை அடியோடு விடுவதும் அதே அளவு தவறு. வாரத்தில் இரண்டு நாள் கீரை என்று வைத்தால் எல்லா வாரமும் இரண்டு நாள் வையுங்கள், அதே அளவு. கொத்தமல்லித் துவையல் மாதம் ஒரு நாள் வந்தால் ஒன்றும் ஆகாது. டாக்டர் அந்த வழக்கத்துக்கு ஏற்றபடி மாத்திரையின் அளவை முடிவு செய்வார். கீரையைவிட நான் அஞ்சுவது மருந்துக்கடையைத்தான். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல், படைக்கு ஃப்ளுகோனசோல் என்று கடையில் கேட்டு வாங்கினால் ஐ.என்.ஆர். எகிறும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறாக அடிமட்டத்துக்குத் தள்ளும். முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் கூடவே கூடாது, வயிற்றில் ரத்தம் வரும், கிட்னியும் கெடும். பாராசிட்டமால் ஒன்றிரண்டு போடலாம், நாள்கணக்கில் வேண்டாம். காய்ச்சல் என்று போனால் 'ஒரு ஊசி போட்டுவிடுங்க' என்று கேட்கும் நம் வழக்கம் இவருக்கு ஆகாது. இடுப்பில் சதை ஊசி போட்டால் உள்ளேயே ரத்தம் கட்டி தேங்காய் அளவு வீங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கால் மட்டும் வீங்கினால் அது கால் சிரையில் கட்டியாக இருக்கலாம், சுளுக்கு வழிக்கிறவரிடம் கூட்டிப் போகாதீர்கள்.

பல்லைப் பிடுங்கலாம். வார்ஃபரினைத் தானாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். ஐ.என்.ஆர். 2க்கும் 3க்கும் நடுவே வந்தபின், முந்தின நாள் எடுத்த ரிப்போர்ட்டோடு போங்கள். ஒரு பல் என்றால் தையல் போட்டு, டிரானெக்சாமிக் அமிலம் நனைத்த பஞ்சைக் கடிக்க வைத்தே நிறுத்திவிடுவார் பல் டாக்டர்.

தறியில் உட்காரலாம், தாராளமாக. குழித்தறியில் கால் மிதியை அழுத்திக்கொண்டே இருப்பதால் கெண்டைக்கால் சதை ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். நாற்காலியில் உட்காரும் என் தொழிலைவிட அது மேல். மணிக்கொரு தடவை எழுந்து நாலு அடி நடக்கட்டும். கத்தரி, பிளேடு படும் வேலையை மட்டும் கொஞ்ச நாள் வேறு யாராவது பார்க்கட்டும். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சில் குத்தினால், அது எந்த நேரமானாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஒரு கணக்கு நோட்டு வாங்கி நாலு பத்தி போடுங்கள்: தேதி, மாத்திரை மில்லிகிராம், ஐ.என்.ஆர்., அந்த வாரம் புதிதாகச் சேர்ந்தது அல்லது நின்றது. கடைசிப் பத்தியை நீங்கள் எழுதுங்கள், கடிதம் எழுதின கைக்கு அது வரும். அடுத்த கடிதத்தில் அல்புமின் எவ்வளவு, எந்த லேபில் எடுத்தது என்பதையும் எழுதுங்கள்.